எப்போதும் பச்சை

பெங்களூரு வெளிவட்டச் சாலையின் கண்ணாடிக் கட்டடத்தில் கம்பைலர் ரன்டைம் லைப்ரரிக்கு ரெக்ரஷன் டெஸ்ட் நடத்தும் மேலாளர் அவர்களே! எக்ஸ்86, ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் என்ற மூன்று செயலி வகைகளுக்கும் உங்கள் லைப்ரரி வெளியாகிறது. ஒவ்வொரு வெளியீட்டின்போதும் உங்கள் திரை முழுக்கத் தேர்ச்சியின் பச்சை. இதை யாராவது முறையாகப் பாராட்டியாக வேண்டும்.

முதலில் உங்கள் சிக்கனம். சிப்புக்குச் செய்யத் தெரியாத கணக்கைக் கம்பைலர் ஓசையின்றி ரன்டைம் லைப்ரரியிடம் தள்ளிவிடும். கார்டெக்ஸ்-எம்0 என்ற சிறிய ஆர்ம் சிப்பில் வகுத்தல் கட்டளையே கிடையாது. அங்கே இரண்டு மாறிகளை வகுத்தால் ஓடுவது லைப்ரரியின் நிரல். எக்ஸ்86 சிப்போ தானே வகுத்துவிடும். நீங்கள் எக்ஸ்86 சர்வரில் மட்டும் சோதிப்பதால், லைப்ரரியின் அந்த வகுத்தல் நிரலில் ஒரு வரியையும் ஓட விடாமலே எல்லா வகுத்தல் சோதனைகளிலும் தேர்ச்சி காட்டியிருக்கிறீர்கள்.

அடுத்தது வேகம். எக்ஸ்86 லினக்ஸில் லாங் டபிள் என்ற மிதவை எண் வகை 80 பிட். வன்பொருளே கணக்கிட்டுத் தந்துவிடும். 64 பிட் ஆர்ம் லினக்ஸிலும் ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸிலும் அது 128 பிட். கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் லைப்ரரியின் தலையில். அந்தப் பாரமான நிரல் உங்கள் சோதனையில் ஓடுவதே இல்லை. அதனால்தான் உங்கள் அறிக்கை மதிய உணவுக்கு முன்பே வந்துவிடுகிறது.

உங்கள் குழுவின் ஒற்றுமையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். முழு எண்ணைச் சுழியால் வகுத்தால் எக்ஸ்86 நிரலை அங்கேயே நிறுத்தும். 64 பிட் ஆர்ம் 0 என்று விடை தந்து மேலே போகும். ரிஸ்க்-ஃபைவ் −1 என்று சொல்லும். லினக்ஸில் ‘கார்’ வகை எக்ஸ்86-இல் எதிர்ம எண்ணையும் ஏற்கும், ஆர்மில் ஏற்காது. இப்படிப்பட்ட சண்டை எதுவும் உங்கள் அறிக்கையில் இல்லை. ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கும் பஞ்சாயத்தில் தீர்ப்பு எப்போதும் ஏகமனதுதான்.

ஆர்மை நீங்கள் கைவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. லைப்ரரியின் பூட்டுச் சோதனைகளை மட்டும் அதே எக்ஸ்86 சர்வரில், வேறு செயலியைப் போல நடிக்கும் க்யூஇஎம்யூ மென்பொருளை வைத்து, ஆர்ம் நிரலாகவும் ஓட்டுகிறீர்கள். எக்ஸ்86-இல் ஓர் இழை வரிசையாக எழுதியதை மற்ற இழைகளும் அதே வரிசையில்தான் காணும். ஆர்ம் அந்த உறுதியைத் தருவதில்லை. லைப்ரரியின் பூட்டுகளில் அந்த வரிசையைக் காக்கும் ஒரு தடைக் கட்டளை விடுபட்டால் அங்கே தரவு குலையும். எக்ஸ்86 மேல் ஓடும் க்யூஇஎம்யூவில் அது வெளிப்படுவது அரிது. சிக்கலான பிழைகளைத் தேடாமலேயே விலக்கிவைக்கும் வித்தை உங்களுக்குக் கைவந்திருக்கிறது.

தப்பித்தவறி ஒரு சோதனை தோற்றாலும் நீங்கள் கோபப்படுவதில்லை. ஜிசிசி கம்பைலர் பயன்படுத்தும் டெஜாக்னு என்ற சோதனைக் கருவியில் ‘எக்ஸ்ஃபெயில்’ என்ற குறி உண்டு: இது தோற்கும் என்று முன்பே அறிவோம் என்று பொருள். தெரிந்த பிழையை மறக்காமல் இருக்கத்தான் அதை வைத்தார்கள். உங்கள் கைக்கு வந்தபின் அது பிழைகளுக்கு நிம்மதியான ஓய்வில்லமாகிவிட்டது.

உங்கள் வழிக்கு முன்னோடிகளும் உண்டு. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. ஏரியான் 4-இல் குறையின்றி ஓடிய நிரலை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தில் ஒரு 64 பிட் மிதவை எண் 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்கவில்லை. புதிய ராக்கெட்டின் பாதையைக் கொடுத்து அந்த நிரலை யாரும் சோதித்திருக்கவில்லை. பழைய இடத்துத் தேர்ச்சி புது இடத்துக்கும் செல்லும் என்ற நம்பிக்கையில் நீங்கள் தனியாக இல்லை.

இனி உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்தப் போகிறவர்களைப் பார்ப்போம். சென்னை ஐஐடியில் சக்தி என்ற ரிஸ்க்-ஃபைவ் செயலியை உருவாக்கி, 2018-இல் அதன் சிப்பில் லினக்ஸையும் ஓட்டிக் காட்டினார்கள். 2022 ஏப்ரலில் ரிஸ்க்-ஃபைவ் செயலிகளை உள்நாட்டில் உருவாக்க ஒன்றிய அரசு டிஐஆர்-வி திட்டத்தைத் தொடங்கியது. நம் ஊர்ச் சிப்பில் நிரல் எழுதப்போகும் மாணவர், விடை பிழையாக வந்தால் முதலில் தன்னைச் சந்தேகிப்பார், பிறகு சிப்பைச் சந்தேகிப்பார். உங்கள் லைப்ரரியைச் சந்தேகிக்க மாட்டார். அது மூன்று செயலிகளிலும் தேர்ச்சி பெற்றது என்று நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்களே! அவ்வளவு மதிப்பு உங்கள் கையெழுத்துக்கு.

லினக்ஸ் ஓடும் ரிஸ்க்-ஃபைவ் பலகை சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் ஒன்றையும் ஓர் ஆர்ம் பலகையையும் வாங்கிச் சோதனையில் சேர்த்தால் முதல் இரவே சிவப்பு எரியக்கூடும். பிழை எந்த வரியில் என்று உங்கள் பொறியாளர்களுக்குத் தெரிந்துவிடும். பிழை தேடி மாணவர் வீணாக்கும் வாரங்கள் மிச்சமாகும். உங்கள் திரையின் பெருமை மட்டும் கெடும். அந்தப் பெருமையைக் காப்பாற்ற எத்தனை பேரின் உழைப்பை வேண்டுமானாலும் செலவழிக்கத் துணிந்த உங்கள் தாராள மனம் வாழ்க!