கரையானுக்குப் பாஸ்வேர்டு தேவையில்லை

ஒரு நிறுவனம் தான் எழுதிய நிரல்களைப் பேக்கேஜ்களாகக் கட்டி, தன் ஆட்கள் மட்டும் எடுத்துக்கொள்ளும்படி ஓரிடத்தில் வைத்துப் பூட்டினால் அதற்குப் பிரைவேட் ரெப்போ என்று பெயர். இதைக் கற்றுக்கொள்ள அமெரிக்கா போக வேண்டாம். சிதம்பரத்தில் ரயில் இறங்கினால் போதும். சம்பந்தர், அப்பர், சுந்தரர் பாடிய தேவார ஓலைகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்த கதையைத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்பது நிபந்தனை. கணக்கு வைத்திருப்பவர் நேரில் வந்தால்தான் லாக்கர் என்று இன்றைய வங்கிகள் சொல்வதும் இதே நியாயம்தான். ஒரே சிக்கல், வரவேண்டிய மூவரும் சிவலோகம் சேர்ந்து நெடுநாளாகிவிட்டது. ஓலைகளைத் தேடி வந்த சோழ மன்னன் இராசராசன் சளைக்கவில்லை. மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து, இதோ வந்துவிட்டார்கள் என்றானாம். முகத்தைக் காட்டிப் பூட்டுத் திறந்த முதல் சம்பவம் அதுவாகத்தான் இருக்கும். கதவு திறந்தால் உள்ளே புற்று. லட்சத்துக்கு மேல் இருந்ததாக மரபு சொல்லும் பதிகங்களில் மிஞ்சியவை 796. அத்தனை கறாரான பூட்டு, கரையானிடம் மட்டும் அடையாளம் கேட்கவில்லை. பூட்டு திருடனுக்குத்தான், அழிவுக்கு மருந்து பிரதி. ரெப்போவைக் கிளவுடில் வைக்கச் சொல்லும் காரணங்களில் முதலாவது இதுதான் என்பது என் கட்சி.

என்பிஎம், பைபிஐ என்று ஊருக்கே பொதுவான பேக்கேஜ் சத்திரங்கள் இருக்கும்போது தனி வீடு எதற்கு என்று சிக்கனக்காரர்கள் கேட்பார்கள். சத்திரத்துச் சாப்பாடு நல்லதுதான். நாளைக்கும் உண்டா என்பதுதான் கேள்வி. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பேக்கேஜை எழுதியவர், வேறொரு பேக்கேஜின் பெயரை யார் வைத்துக்கொள்வது என்ற தகராறில் கோபித்துக்கொண்டு, தன்னுடைய எல்லாவற்றையும் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். லெஃப்ட்-பேட் மொத்தம் 11 வரி. ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புவது அதன் முழுநேர உத்தியோகம். அதை நம்பியிருந்த பெரிய பெரிய மென்பொருள்களின் கட்டுமானம் உலகெங்கும் நின்றுபோனது. பந்தியில் ஒருவர் கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு வெளிநடப்புச் செய்ய, கல்யாணமே நின்ற கதை. 2021இல் அலெக்ஸ் பிர்சான் என்ற ஆராய்ச்சியாளர் இன்னொன்றைக் காட்டினார். நிறுவனங்கள் உள்ளுக்குள் வைத்திருந்த பேக்கேஜ்களின் பெயரிலேயே, பதிப்பு எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டு, பொதுச் சத்திரத்தில் தன் சரக்கை வைத்தார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணினிகள் அதை உள்ளே அழைத்துக்கொண்டன. பைத்தான்காரர்கள் பேக்கேஜ் இறக்கும் பிப் கருவியும், தனி ரெப்போ, பொது ரெப்போ இரண்டையும் காட்டினால் எந்த எண் பெரிதோ அதைத்தான் எடுக்கும். பெரிய நம்பரைக் கண்டு மயங்குவதில் அதுவும் நம்மைப் போலத்தான். ஆகவே பொதுச் சரக்கில் வேண்டியதையும் பிரதி எடுத்துத் தனி ரெப்போவிலேயே அடுக்கி, கருவிக்கு அந்த ஒரு வாசலை மட்டும் காட்டுவதே விவேகம்.

அப்படியானால் அந்தத் தனி ரெப்போவை, சிதம்பரம் இருக்கும் மாவட்டத்தின் தலைநகரான கடலூரிலேயே, மேசைக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டால் ஆகாதா? ஆகும், கடலூர் சம்மதித்தால். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2015 கடைசியில் வெள்ளம் என்று இயற்கை ஆண்டுக்கணக்கு முடிக்க வந்துபோகும் ஊர் அது. தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரங்கள் வேரோடு சாய்ந்தன. ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கும் நெய்வேலி இருக்கிற மாவட்டத்திலேயே பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. பலாமரம் நிற்காத காற்றில் யுபிஎஸ் என்ன செய்யும்? கிளவுட் ஸ்டோரேஜில் இந்தக் கவலை குறைவு. 2006இல் அமேசான் தொடங்கிய எஸ்3 என்ற கிளவுட் ஸ்டோரேஜின் வழக்கமான வகையில், ஒரு கோப்பு தனித்தனியாக விலகி நிற்கும் குறைந்தது மூன்று வளாகங்களில் வைக்கப்படுகிறது. 1 கோடி கோப்புகளை வைத்தால் சராசரியாக 10,000 ஆண்டுக்கு ஒன்று தொலையலாம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. அன்றைக்குப் போய் யாரிடம் புகார் கொடுப்பது என்று மட்டும் சொல்லவில்லை. இன்னொரு வசதி, இதற்குச் சர்வர் புரோகிராம் எதுவும் ஓடவேண்டியதில்லை. பிப்புக்கு வேண்டியது சுட்டிகள் அடுக்கிய சாதாரண வலைப்பக்கம். டெபியன், உபுண்டுவின் ஆப்ட் கருவிக்கு வேண்டியது ஒரு பட்டியலும் அதன்மேல் ஒரு கையெழுத்தும். ஓலைக்கட்டும் அட்டவணையும் இருந்தால் ரெப்போ தயார்.

அடுத்தது அனுமதி. இதில் கடலூருக்கு முந்நூறு ஆண்டுக்கு மேலான அனுபவம் உண்டு. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. வாங்குகிறவன் கையில் பீரங்கியைக் கொடுத்து, நீயே அளந்துகொள் என்றால் சிக்கனமாகவா சுடுவான்? அந்த வளையத்துக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டுக் கிராமங்கள் என்றே பெயர் விழுந்தது. குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரைச் சுமக்கிறது. கிளவுடில் அனுமதி எழுதும்போது அவசரத்தில் போடும் ஒற்றை நட்சத்திரக் குறியும் அதே பீரங்கிதான்: எங்கே விழுகிறதோ அதுவரை உங்கள் அனுமதி. பேக்கேஜை ஏற்றும் உரிமை ஒரு கணினிக்கு, இறக்கும் உரிமை வேண்டியவர்களுக்கு, பொதுமக்களுக்குத் தரிசனமும் இல்லை என்று குறுக்கி எழுதினால் போதும். பிப்புக்கு அமேசானின் கையொப்ப முறை தெரியாது என்பதால் நடுவில் ஒரு வாயிற்காப்போனை நிறுத்த வேண்டிவரும். அந்தச் சங்கடத்தை மறைக்க விரும்பவில்லை. அப்புறம், பட்டியல் பார்க்கும் உரிமை இல்லாதவர் இல்லாத கோப்பைக் கேட்டால், எஸ்3 ‘இல்லை’ என்று சொல்லாது. ‘அனுமதி இல்லை’ என்றே சொல்லும். இருக்கிறதா இல்லையா என்பது கடைசிவரை தெரியாது. ஆகாயத் தலமான தில்லையில் திரைக்குப் பின்னால் வெட்டவெளியை வைத்து அதை ரகசியம் என்று நம்மவர்கள் சொன்னபோது கிளவுடே இல்லை.

கிளவுட் வாடகை மாதாமாதம் தின்னுமே என்ற ஆட்சேபம் நியாயமானது. கவனிக்க வேண்டியது வைக்கும் கூலியைவிட எடுக்கும் கூலி. கோயில் வாசலில் செருப்பு விடுவது மாதிரி: விடும்போது யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, எடுக்கும்போதுதான் கை நீளும். நிரலைக் கட்டும் கணினியையும் அதே வட்டாரத்தில் வைத்துவிட்டால் அந்தக் கூலி பெரும்பாலும் மிச்சம். கிளவுடே படுத்துவிட்டால்? படுத்திருக்கிறது. 2017 பிப்ரவரி 28 அன்று ஊழியர் ஒருவர் கட்டளையைத் தவறாகத் தட்ட, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் எஸ்3 சில மணி நேரம் நின்றது. சேவைகள் நலமா என்று காட்டும் பலகையும் எஸ்3யையே நம்பியிருந்ததால், அதைத் திருத்த முடியாமல் வெகுநேரம் எல்லாம் நலம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் நடை சாத்துவது வேறு, ஓலை அழிவது வேறு. சாத்திய நடை திறக்கும்.

உண்மையான பயம் வேறிடத்தில் இருக்கிறது. மூன்று வளாகங்களில் பிரதி இருந்தாலும், அழி என்று நீங்களே சொன்னால் மூன்றிலும் பணிவோடு அழித்துவிடும். அதனால் பழைய பதிப்புகளைத் தக்கவைக்கும் வசதியை முதல் நாளே போட்டுவிட வேண்டும். இன்னொரு வட்டாரத்திலும், முடிந்தால் இன்னொரு கணக்கிலும் ஒரு பிரதி வேண்டும். கோப்பு மட்டும் மிஞ்சினாலும் போதாது, அதை இயக்கும் விவரமும் வேண்டும். தில்லையில் ஓலை கிடைத்த பிறகு பண் தெரியாமல் திகைத்திருக்கிறார்கள். திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி பாடல்களை ஏழு திருமுறைகளாக அடுக்கிவிட்டார்; பாடும் முறையைச் சொன்னவர், சம்பந்தருக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்கிறது அதே புராணம். அந்தப் பெண்ணின் ஊரான திருஎருக்கத்தம்புலியூரும் இன்றைய கடலூர் மாவட்டம்தான். பூட்டிய அறையில் இல்லாதது, பூட்டாத குடும்பத்தில் இருந்திருக்கிறது.

புராணத்தைச் சாட்சிக்கு அழைக்கலாமா என்று கேட்பவர்களுக்குக் கல்லையே அழைக்கிறேன். ஓலைகளில் காணாமற்போன சம்பந்தர் பதிகம் ஒன்று 1917இல் திருவிடைவாய்க் கோயிலில் கல்வெட்டாகக் கிடைத்தது. யாரோ ஒருவர், எந்தக் கொள்கை விளக்கக் கூட்டமும் நடத்தாமல், வேறோர் ஊரில், வேறொரு பொருளில் ஒரு பிரதி வைத்திருந்தார். பாஸ்வேர்டு கிடையாது; போகிற வருகிறவர் எல்லாரும் படிக்கலாம். கரையான் மட்டும் அதைத் தொடவில்லை. ஆகவே ரெப்போவைப் பூட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பூட்டிய கையோடு சாவியை ரசிக்க உட்காராமல், இன்னோர் ஊரில் இருக்கும் பிரதியை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.