அவனியாளப் பிறந்தவர்கள்

செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கத்தில் இருக்கிறது சீயமங்கலம். அங்கே பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த கோயிலுக்கு ‘அவனிபாஜன பல்லவேசுவரம்’ என்று பெயர். அவனியைச் சொந்தம் கொண்டாட அவருக்கு நியாயம் இருந்தது. அப்பா சிம்மவிஷ்ணு விட்டுப்போன நாடு.

அறுநூறு ஆண்டு கழித்து, சோழருக்கு அடங்கியிருந்த காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன் ‘நானும் பல்லவன்தான்’ என்றார். பட்டம், ‘அவனியாளப் பிறந்தான்’. பிறக்கும்போதே முடிவாகிவிட்ட விஷயமாம்! 1231 வாக்கில் சோழ மன்னன் மூன்றாம் ராஜராஜனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்தார். ‘அபகரித்தேன்’ என்று எந்த அரசரும் கல்லில் வெட்டியதில்லை. கல்தச்சருக்குக் கூலி தருவது அவர்தானே!

இந்தச் சிறைவைப்பை விரிவாகச் சொல்வது திருவந்திபுரம் கல்வெட்டு. அது எதிர்த்தரப்பின் கணக்கு. போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் அனுப்பிய அப்பண்ணனும் சமுத்திர கோப்பையனும் வழிநெடுக ஊர்களை அழித்துத்தான் சோழனை மீட்டார்கள். மீட்கிறவர் கொளுத்தினால் அதற்குப் பெயர் தர்மம்.

பின்னாளில் செஞ்சிக் கோட்டையும் நாயக்கரிடமிருந்து பிஜாப்பூர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறியது. வந்தவருக்கு வெற்றி, போனவருக்கு அபகரிப்பு.

போசளர் சோழனை மீட்டதால் கோப்பெருஞ்சிங்கனின் குடிக்கு ஒரு குறையும் வரவில்லை. அதே பெயருடைய மகன் 1243-ல் பட்டமேறி 1279 வரை ஆண்டார். சோழர் ஆட்சி முடிந்ததும் அதே 1279-ல்தான்.