தேரில்லாத வடம்

வாடா பயில்வான், வா. படியில எறங்குறப்பவே பாத்துட்டேன். ஒவ்வொரு படிக்கும் செவுத்தைப் புடிச்சுக்கிட்டு, பக்கவாட்டுல திரும்பி, பல்லைக் கடிச்சுக்கிட்டு எறங்குறியே, யாராச்சும் அடிச்சுப் போட்டானுவளோன்னு உங்க அப்பாயி பதறிப் போயிட்டா. நான்தான் சொன்னேன், "பதறாத புள்ள, அவன் காசு குடுத்து அடி வாங்கிட்டு வர்றான்"னு. திண்ணையில குந்து. குந்த முடியலியா? சரி, தூணைப் புடிச்சுக்கிட்டு நில்லு. நின்னுக்கிட்டே கேட்டா புத்தி கால் வரைக்கும் எறங்கும்.

பெரம்பலூர் நாலு ரோட்டுக்கு அந்தாண்ட அந்தத் தகரக் கொட்டாயில என்னென்ன பண்றீங்கன்னு போன்ல காட்டுனியே, நல்லாத்தான் பாத்தேன். டிராக்டர் டயரைப் படுக்கப் போட்டிருக்கானுவ. நீ போயி அதைத் தூக்கிப் பொரட்டுற. இந்தக் கோடி வரைக்கும் பொரட்டிட்டு, திரும்ப அந்தக் கோடிக்குப் பொரட்டுற. கடைசியில பாத்தா டயரு காலையில கெடந்த எடத்துலயே கெடக்கு. நான் கூலிக்கு ஆள் வச்சு இப்படி ஒரு வேலை வாங்குனேன்னு வையி, கெழவனுக்கு மூளை கலங்கிருச்சுன்னு ஊரே சிரிக்கும். நீ மாசாமாசம் பணம் கட்டிட்டுச் செய்யிற.

அப்பறம் அந்தக் கயிறு. கைத்தண்டி வடம். ரெண்டு நுனியையும் புடிச்சுக்கிட்டு, மாத்தி மாத்தி ஆட்டிக்கிட்டே நிக்கிற. கல்லங்குறிச்சித் தேருக்கு வடம் புடிச்ச கை தம்பி இது. நாங்க தம் கட்டி இழுத்தா பெருமாள் நாலடி நகந்து வருவாரு. உன் வடத்துக்கு அந்தப் பக்கம் யாரு வர்றாங்கன்னு எட்டி எட்டிப் பாத்தேன். தேரும் இல்ல, மாடும் இல்ல, தூணுல முடிச்சுப் போட்டு வச்சிருக்கானுவ!

இதுக்குப் பேரு கிராஸ்ஃபிட்டாம். முழிக்காத, உன் தங்கச்சி பிசியோதெரபி படிக்கிறாளே, அவளை ஒரு சாயங்காலம் பூரா உக்காத்தி வச்சுக் கேட்டுக்கிட்டேன். அமெரிக்காவுல கிரெக் கிளாஸ்மேன், லாரன் ஜெனாய்னு ரெண்டு பேரு 2000ல ஆரம்பிச்சதாம். பளுத்தூக்குறது, கம்பியில தொங்குறது, ஓடுறது எல்லாத்தையும் கலந்து கட்டி, தினம் ஒரு வேலைன்னு பலகையில எழுதிப் போட்டுருவாங்களாம். அதுக்கு எதுக்குடா பலகை? இந்த வீட்டுல அறுவது வருசமா உங்க அப்பாயி வாயாலயே எழுதிப் போட்டுக்கிட்டு இருக்கா.

அந்த வேலைங்களுக்குப் பொம்பளப் பேரு வேற. ஃபிரான்னு ஒருத்தி. 43 கிலோக் கம்பியோட குந்தி எழுந்து தலைக்கு மேல 21 தடவை தள்ளணும், அப்பறம் 21 தடவை தொங்கி மேல ஏறணும். அடுத்த சுத்து பதினஞ்சு பதினஞ்சு, கடைசியில ஒம்போது ஒம்போது. தேர்ந்தவன் நாலு நிமிசத்துக்குள்ள முடிச்சிருவானாம். நீ எவ்வளவு நேரத்துல முடிச்ச? வேணாம், சொல்லாத, மூஞ்சியிலயே எழுதியிருக்கு. ஆளை மல்லாக்கச் சாய்க்கிறதால, புயலுக்கு வைக்கிற கணக்கா பொம்பளப் பேரு வச்சேன்னு அந்த கிளாஸ்மேன் சொன்னாராம். பண்ருட்டிப் பக்கம் 2011 டிசம்பர்ல தானே புயல் வந்து முந்திரிக்காட்டைப் படுக்கப் போட்டுச்சே, அதை வா வான்னு பணம் கட்டி யாரும் கூப்பிடல.

சிரிச்சாச்சா? இப்ப நல்லதைச் சொல்றேன். நக்கல் அடிக்கிறவன் நல்லதைச் சொல்ல மாட்டான்னு எவனும் எழுதி வைக்கல.

இந்த மாதிரி மூச்சு முட்டச் செஞ்சுட்டு கொஞ்சம் ஆசுவாசப்பட்டு, மறுபடியும் மூச்சு முட்டச் செய்யிறதுல விசயம் இருக்குது. ஜப்பான்ல தபாட்டான்னு ஒரு விஞ்ஞானி, 1996ல எழுதி வச்சிருக்காரு. 20 விநாடி உயிரைக் குடுத்து சைக்கிள் மிதி, 10 விநாடி விடு, இப்படி ஏழெட்டுத் தடவை. வாரத்துல அஞ்சு நாள்னு ஆறு வாரம் மிதிச்ச பயலுவளுக்கு மூச்சும் கூடுச்சு, வேகமா வெடிச்சுக் கெளம்புற தெம்பும் கூடுச்சு. உண்மைதான். ஆனா 'நாலே நிமிசம் போதும்'னு போர்டு மாட்டுறவன், அந்தப் பயலுவ ஏற்கெனவே வெளையாட்டுல ஊறுனவனுவன்னு போர்டுல எழுத மாட்டான். நீ ஊறுனது நாற்காலியிலடா.

சதை கூடுனா ரத்தத்துல இருக்கிற சக்கரையை அது இழுத்துக்கும். பாரம் தூக்குனா எலும்பு கெட்டிப்படும். கூட நாலு பேரு இருந்தா, மழை வந்தாலும் மசமசன்னு இருந்தாலும் போகத் தோணும். இதுல எதையும் நான் மறுக்கல. இன்னொன்னும் சொல்லிர்றேன். இந்த ஆட்டத்துல சேந்ததுல நூத்துக்குப் பதினாறு பேரு காயம்பட்டு வெலகிட்டாங்கங்கற மாதிரி 2013ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்துச்சாம். கம்பெனிக்காரன் கோர்ட்டுக்குப் போனான். தோண்டித் துருவிப் பாத்தா அந்தக் காயக் கணக்குச் சரியில்ல. 2017ல கட்டுரையையே வாபஸ் வாங்கிட்டாங்க. அளந்து விடுறவன் டீக்கடை பெஞ்சுல மட்டும் இல்ல பாத்துக்க. பின்னால வந்த கணக்கு, ஆயிரம் மணி நேரம் செஞ்சா சுமாரா மூணு காயம்னு சொல்லுது. பளுத்தூக்குறவங்களுக்கு வர்றதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அடி படுறது பெரும்பாலும் தோள்பட்டை, அடி முதுகு.

இப்ப நீ என்ன எதிர்பாக்குறன்னு தெரியும். "எங்க காலத்துல வயக்காட்டு வேலையே உடற்பயிற்சி"ன்னு கெழவன் ஆரம்பிப்பான், கேட்டுட்டு நழுவிரலாம்னுதானே? அந்தப் பாட்டு நான் பாட மாட்டேன். அரியலூர் சிமெண்டு ஆலைப் பக்கம் போயி, லோடு ஏத்தி எறக்கி ஓஞ்ச ஆளுங்களை நிமிந்து நிக்கச் சொல்லிப் பாரு. மூட்டை ஒன்னு 50 கிலோ. ஒரே தோளு, ஒரே பக்கம், நாள் பூரா, வருசம் பூரா. ஒரு ஆம்பளை சுமக்கிற பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாதுன்னு உலகத் தொழிலாளர் அமைப்பு 1967லயே பரிந்துரை செஞ்சுது. ஆனா ஒரு நாளைக்கி எத்தினி மூட்டைன்னு கேக்க நாதி இல்ல. என் பங்காளி ஒருத்தரு ஒரு காலத்துல ரெண்டு மூட்டையை அடுக்கித் தூக்குனவரு. இன்னிக்கி அவரு நடந்து வந்தா மொதல்ல தலை வருது, கொஞ்ச நேரம் கழிச்சு இடுப்பு வருது. அதனால வேலை செஞ்ச ஒடம்பெல்லாம் வைரம்னு எவனாச்சும் சொன்னா நம்பாத. அவன் வேலை செஞ்சிருக்க மாட்டான். உன் கொட்டாயில இன்னிக்கி காலு, நாளைக்கி தோளுன்னு மாத்தி மாத்திச் செய்யிறானுவ பாரு, அந்த அளவுல அது எங்க பொழப்பை விட மேலுதான்.

ஆனா ஒன்னு. எங்க வேலையில கடிகாரம் இல்ல.

சின்ன வெங்காயம் அறுத்துப் பட்டறையில ஏத்துறப்ப, பொடிப் பயலுவ கையில மொதல்ல கூடையைத்தான் குடுப்போம். அடுத்த வருசம் அரை மூட்டை. மீசை மொளைச்சப்பறம்தான் முழு மூட்டை. முன்னால போறவன் வேகத்துக்குப் பின்னால வர்றவன் நடக்க வேண்டியதில்ல. தெக்கத்திச் சீமையில பொங்கலுக்கு இளவட்டக்கல்லு தூக்குவாங்க. திருநெல்வேலி பக்கம் வடலிவிளையில பொண்ணுங்களும் தூக்குறாங்க. அங்க கணக்கு என்ன? தூக்குனியா, இல்லியா. அம்புட்டுத்தான். 'மூணு நிமிசத்துல முப்பது தடவை தூக்கு'ன்னு எவனும் விசில் ஊத மாட்டான். கனமான கம்பியை நிதானமாத் தூக்குனா தப்பில்ல. கடிகாரம் ஓடுது, சுத்தி நின்னு கை தட்டுறானுவ, பக்கத்துல ஒருத்தன் உன்னை முந்துறான். அப்பத்தான் இருபதாவது தடவை முட்டி மடங்காம, முதுகு வளைஞ்சு தூக்குவ. அந்த ஒத்தத் தடவை போதும்டா, ஆயுசுக்கும் எண்ணெய் தேச்சுக்கிட்டுக் கெடக்க.

அதை விட மோசமானது ஒன்னு இருக்கு, கிட்ட வா. பழகாத ஒடம்பை ஒரேயடியாப் புழிஞ்சா, சதை நாரு உள்ளுக்குள்ளயே உடைஞ்சு, அதுல இருக்கிறது ரத்தத்துல கலந்து, சிறுநீரகத்தைப் போயி அடைச்சிரும். ராப்டோமயோலிசிஸ்னு உன் தங்கச்சி வாயி கொளறாமச் சொல்றா. கை கால் வீங்கும், சாதாரண வலி இல்லாம தூக்கவே முடியாத வலி வலிக்கும், ஒன்னுக்கு கடுங்காப்பி நெறத்துல போகும். அப்படிப் போச்சுன்னா 'நேத்திக்கி நல்ல வொர்க்அவுட்'னு ஸ்டேட்டஸ் போட்டுக்கிட்டு இருக்காத. வண்டியை எடுத்துக்கிட்டு நேரா ஆசுபத்திரிக்குப் போ. சலைன் ஏத்தி, ரத்தத்துல சிகேன்னு ஒன்னைப் பாப்பாங்க. புதுசா சேந்தவனுக்கும், ரொம்ப நாள் விட்டுட்டு வந்து பழைய கணக்கையே போடுறவனுக்கும்தான் இது அதிகமா வருது. சித்திரை வெயில்ல, தகரத்துக்குக் கீழ, தண்ணி குடிக்காம, வலி மாத்திரையை வேற போட்டுக்கிட்டுக் குதிச்சா சிறுநீரகத்துக்கு இன்னும் கேடு. இதுல கூத்து என்னன்னா, அந்த கிராஸ்ஃபிட் ஆளுங்களுக்கே இது அப்பவே தெரியும். 2005 வாக்குல 'அங்கிள் ராப்டோ'ன்னு ஒரு கோமாளிப் படமே போட்டாங்களாம். கோமாளிக்கு டயாலிசிஸ் ஓடுது, சிறுநீரகம் தரையில கெடக்குது. எச்சரிக்கைன்னு சொன்னாங்க. எச்சரிக்கையைச் சிரிச்சுக்கிட்டே சொன்னா எவன்டா பயப்படுவான்?

மாஸ்டர் நல்ல பயதான்னு சொல்ற. சரி. முதல் நிலைப் பயிற்சியாளர் சான்றிதழுக்கு ரெண்டு நாள் படிப்புன்னு உன் தங்கச்சி சொன்னா. ரெண்டு நாள்ல நம்ம ஊருல பரோட்டாவுக்கு மாவு பெசைய விடுவானா? அதுக்கு மேல அவரு என்ன படிச்சிருக்காரு, முதுகு வலியோட ஒருத்தன் வந்தா என்ன குடுப்பாரு, பிரஷர்காரன் வந்தா என்ன சொல்லுவாருன்னு கேளு. 'எல்லாருக்கும் ஒரே வேலைதான்'னு சொன்னா செருப்பை மாட்டிக்கிட்டு வந்துரு. 'நீ மொதல்ல வெறுங்கம்பியைத் தூக்கு'ன்னு சொன்னா, அவரு காலைப் புடிச்சுக்க. கூச்சப்படாத. அளவைக் கொறைச்சுக்கன்னு அவங்க புத்தகத்துலயே இருக்குது. மீசையிலதான் இல்ல.

நம்ம அரியலூர்ப் பய செல்வம் கார்த்தி இந்திய ஹாக்கி அணியில ஆடுறாரே, 2022 ஆசியக் கோப்பையில பாகிஸ்தானுக்கு எதிரா கோல் போட்டாரே. கோவில்பட்டியில வருசக்கணக்கா பழகித்தான் அங்க போனாரு. ஒரே மாசத்துல மட்டையைத் தூக்கிக்கிட்டு ஜகார்த்தாவுக்கு ஓடல.

ஜிம்முல நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு விழுற வீடியோவை எல்லாம் போன்ல பாத்துட்டு உங்கம்மா அழுவுறா. 2021ல பெங்களூருல நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயசுல நெஞ்சு வலியில போனப்ப ஆளாளுக்கு ஜிம்மைத் திட்டுனாங்க. ஒரு சாவுக்குக் காரணத்தைக் கண்டுபுடிக்கிறது டாக்டருக்கே செரமம், நம்ம வாட்ஸ்அப்பு ஒரு நிமிசத்துல கண்டுபுடிச்சிருச்சு. நம்ம வகையறாவுல சின்ன வயசுலயே நெஞ்சு வலியில போனவங்க உண்டு, அதை மட்டும் மறந்துராத. ஒரு ஈசிஜி எடுத்து டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்து வடத்தை ஆட்டு. உன் புரோட்டீன் பவுடர் டப்பாவுக்குக் குடுக்கிற காசுல கால்வாசிகூட ஆகாது.

உன்னையக்கூட விட்டுர்றேன். உள்ள சோபாவுல படுத்திருக்கானே உங்கப்பன், அவனைப் பாத்தாத்தான் எனக்கு வயித்தைக் கலக்குது. சாத்தனூருல கல்மரம் பாத்திருக்கியா? பதினெட்டு மீட்டர் நீளம், பன்னெண்டு கோடி வருசமா அசையாமக் கெடக்குது. ரிமோட்டு மட்டும் கையில குடுத்தா உங்கப்பனேதான். வாரத்துக்கு 150 நிமிசமாச்சும் கொஞ்சம் வேகமா நடங்க, ரெண்டு நாளு சதைக்கும் வேலை குடுங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அவன் கேட்டுக்குப் போயி பேப்பரை எடுத்துட்டு வர்றதையும் சேத்து, 'கணக்கு சரியாப் போச்சு'ங்கிறான். நீ ஓவராச் செஞ்சு கெடுறதுக்கு ஒரு டாக்டரு போதும். இவன் ஒன்னுமே செய்யாமக் கெடுறதுக்கு சக்கரைக்கு ஒருத்தரு, பிரஷருக்கு ஒருத்தரு, முட்டிக்கு ஒருத்தரு.

அதனால ஒன்னு பண்ணு. நாளையிலேருந்து வாரத்துக்கு மூணு நாள் போ, நடுவுல ஒரு நாள் விடு. கனத்தை ஏத்துற அன்னிக்கி கடிகாரத்தைப் பாக்காத. கடிகாரத்தோட ஓடுற அன்னிக்கி கனத்தை ஏத்தாத. பக்கத்துல இருக்கிறவன் எத்தினி போட்டான்னு எண்ணாத, அவன் எண்ணுறது சரியா இருக்காது, நான் கவனிச்சேன். போறப்ப உங்கப்பனையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போ. டயரு பக்கமே விடாத. நாற்காலியில உக்காந்து கையூணாம எந்திரிக்கச் சொல்லு, பத்துத் தடவை எந்திரிச்சா கை தட்டு. அவனுக்கு மட்டும் தட்டலாம்.

இன்னொன்னு. யாருகிட்டயும் சொல்லாத, உங்க அப்பாயிகிட்ட மட்டும் மூச்சே விடாத. எனக்கும் இப்ப தண்ணிக் குடத்தைத் தூக்குறப்ப இடது கை ஒதறுது. என் வயசுலயும் சின்னப் பாரம் வச்சுப் பழகுனா சதை ஏறும்ங்கிறா உன் தங்கச்சி. உங்க மாஸ்டர்கிட்ட கேட்டு வையி, வேட்டியோட வந்தா விடுவாரான்னு. மூத்த குடிமக்களுக்குக் கட்டணம் கொறைச்சு வாங்குவாரான்னு அதுக்கு முன்னாடி கேளு.