ஞாயிற்றுக்கிழமை நளன்

வாரத்தில் ஆறு நாள் அவர் சாதாரண மனிதர்தான். காபியில் சர்க்கரை குறைந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார். சர்க்கரை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்பது கல்யாணமான நாளிலிருந்து அவருக்குத் தெரியாத ராணுவ ரகசியம். ஏழாம் நாள் காலையில் அந்த மனிதர் காணாமல் போய்விடுவார். லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கூடத்தின் நடுவில் ஒருவர் நிற்பார். நின்று அறிவிப்பார்:

“இன்னைக்கு நீ கிச்சன் பக்கமே வரக் கூடாது. ரெஸ்ட் எடு. எல்லாம் நான் பாத்துக்கிறேன்.”

குடும்பம் உடனே உஷாராகிவிடும். பிள்ளைகள் பிஸ்கட் பாக்கெட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். “ஏங்க, எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்?” என்று மனைவி கெஞ்சுவார். மாமியார் மட்டும், “ஆசப்படறான், செய்யட்டுமே” என்பார். சொல்லிக்கொண்டே நேற்றைய குழம்பையும் கொஞ்சம் தயிரையும் ஃபிரிட்ஜின் பின்வரிசைக்கு நகர்த்தி வைப்பார். மகனை அவருக்கு ரொம்ப நாளாகத் தெரியும்.

இவர் தாம்பரத்திலும் இருக்கிறார், திருப்பூரிலும் இருக்கிறார். வங்கி மேலாளராக இருப்பார், கணக்கு வாத்தியாராக இருப்பார், பனியன் கம்பெனி சூப்பர்வைசராகவும் இருப்பார். தொழில் மாறலாம், பேச்சு மாறாது. “நளன் யாரு? ஆம்பள. பீமன் யாரு? ஆம்பள. கல்யாண வீட்டுல சமைக்கிறது யாரு?” என்று தொடங்கிவிடுவார். ஒன்றை மட்டும் சௌகரியமாக விட்டுவிடுவார். பீமன் விராடன் அரண்மனை மடைப்பள்ளியில் கரண்டி பிடித்தது நாடிழந்து, தலைமறைவாக ஓராண்டைக் கழிக்க வேண்டியிருந்தபோது. நளன் சமைத்ததும் அரசைச் சூதாட்டத்தில் தோற்று, உருமாறி, இன்னொரு மன்னனிடம் வேலைக்கு நின்றபோதுதான். இருவரும் பிழைப்புக்காகச் சமைத்தவர்கள், கைத்தட்டலுக்காக அல்ல. நளன் ஆக்கியதை ருசித்தே இது தன் கணவன் கைப்பக்குவம் என்று தமயந்தி தெரிந்துகொண்டாள். நம் நளனின் மனைவிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போதே தீய்ந்த வாடையில் தெரிந்துகொள்வார்.

திட்டம் சனிக்கிழமை மாலையே தொடங்கும். யூடியூபில் செட்டிநாட்டுக் கோழிக் குழம்பு பார்த்திருப்பார். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ ஒவ்வொன்றிலும் கால் கிலோ வாங்கி வருவார். கல்பாசி காற்றாக எடையில்லாதது. கால் கிலோ என்றால் ஒரு பை நிறைய. அந்தக் குழம்புக்குத் தேவை ஒரு சிட்டிகை. மீதி அலமாரியில் கிடந்து அவருடைய பேரப்பிள்ளைகளின் கல்யாணத்துக்கு உதவும்.

ஞாயிறு காலை, “ரெஸ்ட் எடு” என்ற ஆணை பிறந்த சற்று நேரத்தில் இரண்டாவது ஆணை வரும். “சின்ன வெங்காயம் மட்டும் உரிச்சுக் கொடுத்துடேன்.” பிறகு பூண்டு. பிறகு தேங்காய் துருவல். பிறகு, “அந்தக் கோழியைக் கொஞ்சம் மஞ்சள் போட்டுக் கழுவிடேன்.” கடைசியில் அவருக்கென்று மிஞ்சும் வேலை கிளறுவது ஒன்றுதான். கிளறுவதற்குத்தான் சமையல் என்று பெயர் என்பது அவருடைய சித்தாந்தம்.

கிளறவும் பொருள் வேண்டுமே. “கடுகு எங்கம்மா?” “ரெண்டாவது தட்டு, ஹார்லிக்ஸ் பாட்டில்.” “இதுல துவரம்பருப்புல்ல இருக்கு?” “அது பெரிய ஹார்லிக்ஸ். சின்ன ஹார்லிக்ஸ் பாருங்க.” அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால் சீரகமும் சோம்பும் அண்ணன் தம்பியாக அருகருகே கிடக்கும். எது எது என்று கேட்கத் தன்மானம் விடாது. ஏதோ ஒன்றை அள்ளிப் போட்டுவிட்டு, “இது என் ஸ்டைல்” என்பார். அரிசி மாவா, மைதாவா, சோள மாவா என்பதும் அவருக்குக் குழம்பில் கட்டி தட்டிய பிறகே தெரிய வரும்.

இதற்குள் எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்திருக்கும். வீடியோவில் அந்த அம்மா, “வெங்காயம் பொன்னிறமா வந்ததும்” என்று சொல்லி வாய் மூடுவதற்குள் விளம்பரம் குறுக்கிடும். தள்ளிவிடலாம் என்றால் கையெல்லாம் மசாலா. முழங்கையால் முயல்வார், மூக்கால் முயல்வார். விளம்பரம் ஓடி முடியும்போது வெங்காயம் பொன் நிறத்தைக் கடந்து கரி நிறத்தை எட்டியிருக்கும்.

எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டார். பக்கத்தில் நின்று சொல்லித் தர ஆளில்லாதவர்களும் சமைக்கலாம் என்னும்படி, எதில் எவ்வளவு என்று அளவோடு எழுதிவைத்தார். அந்தப் புத்தகம் இந்த வீட்டிலும் இருக்கிறது. நளன் தொடமாட்டார். அளவு பார்ப்பது ஆண்மைக்கு இழுக்கு. “எல்லாம் ஒரு கண் திட்டம்தான்” என்பார்.

அந்தக் கண்ணுக்குத்தான் முதல் ஆபத்து. பச்சை மிளகாயைக் கீறிய கையோடு நெற்றி வியர்வையைத் துடைப்பார். அடுத்த நொடி ஓர் அலறல் கேட்கும். மிளகாயின் காரம் பெரும்பாலும் விதையில் இல்லை. விதைகளைத் தாங்கியபடி உள்ளேயிருக்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால்தான் வெறும் தண்ணீரில் கை கழுவினால் எரிச்சல் போவதில்லை. கொஞ்சம் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்புப் போட வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். சூட்டை உணர்கிற அதே நரம்பு வாசல்தான் மிளகாயையும் உணர்கிறது என்று கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே ஆராய்ச்சியைத் தன் கண்ணிலேயே செய்துகாட்டும் நம்மவருக்கு யாரும் ஒரு சால்வைகூடப் போர்த்துவதில்லை.

அடுத்தது வறுவல். எண்ணெய் சுமார் 180 டிகிரிக்குச் சூடேறி இருக்கும். நம்மவர் உருளைக்கிழங்கைக் கழுவிய ஈரத்தோடு கொண்டுவருவார். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் துளிகள் அடியில் இறங்கும். இறங்கிய கணத்தில் ஆவியாகி, இருந்ததைப் போல் ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும். கேட்ட இடம் நம்மவர் முன்கையில் கிடைக்கும். ஒருமுறை பட்ட அனுபவத்தில் அடுத்த ஈட்டைத் தூர நின்று எறிவார். எறிவதால்தான் இன்னும் அதிகமாகத் தெறிக்கிறது. வாணலிக்குப் பக்கத்தில் போய், ஓரமாகச் சரித்து விடுகிறவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அடுப்படியில் பயந்தவனைத்தான் எண்ணெய் சுடும்.

பிரஷர் குக்கர் தனி அத்தியாயம். அதன் முன்னோடியை 1679இல் லண்டனில் செய்துகாட்டியவர் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். எலும்பையே இளக்கும் பாத்திரம் அது. வெடித்துவிடக் கூடாதே என்று ஒரு பாதுகாப்பு வால்வையும் அவரே யோசித்து வைத்தார். நம் ஊர் நளன்கள் பிறக்கப்போவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குக்கருக்குள் அழுத்தம் ஏறும்போது வெப்பம் 100 டிகிரியைத் தாண்டி 120 வரை போகும், பருப்பு சீக்கிரம் வேகும். ஆனால் பருப்பு நுரைத்துப் பொங்கி ஆவித் துளையை அடைக்கும் குணமுடையது. அதற்காகத்தான் பெண்கள் சில சொட்டு எண்ணெய் விட்டு, பாத்திரத்தில் இடம் விட்டு வைக்கிறார்கள். நளன் விளிம்பு வரை நிரப்புவார். பிறகு விசில் எண்ணும் படலம். “மூணா, நாலா?” “முதல் விசில் சரியா வரல, அதைக் கணக்குல சேக்காதே.” “பக்கத்து வீட்டு விசிலையும் சேத்து எண்ணிட்டீங்களோ?” சண்டை முடிந்ததும் பொறுமையும் முடிந்துவிடும். ஆவி அடங்கும் முன்பே ஸ்பூனால் வெயிட்டைத் தூக்குவார். புஸ்ஸென்ற சத்தத்தோடு துவரம்பருப்பு மின்விசிறியின் ரெக்கைகளிலும் கூரையிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த மஞ்சள் வட்டம் அடுத்த தீபாவளிக்கு வெள்ளையடிக்கும் வரை வருவோர் போவோருக்கெல்லாம் கதை சொல்லும்.

மிக்ஸி இதைவிட வேகமாகக் கற்றுக்கொடுக்கும். வதக்கிய தக்காளியை ஆறவிடாமல் ஜாரில் கொட்டி மூடியை அழுத்திச் சுற்றுவார். உள்ளே சட்டென்று எழும் ஆவி மூடியைத் தூக்கி எறியும். சுவரில் தக்காளி, சட்டையில் தக்காளி, காலண்டர் பிள்ளையாருக்கும் செந்தூரம்.

கோகுலாஷ்டமி வந்துவிட்டாலோ நிலைமை போர்க்களம். “சீடை என்ன பெரிய விஷயமா?” என்று இறங்குவார். சீடை பெரிய விஷயம்தான். மாவைச் சலிக்காமல் விட்டால் குருணை தங்கும். உளுந்து மாவு நன்றாக வறுபடாமல் போனாலோ, உருட்டியதைத் துணியில் பரப்பி உலர விடாமல் போனாலோ உள்ளே ஈரம் தங்கும். வெளியே மொறுமொறுவென்று இறுகிய தோல், உள்ளே வெளியேற வழியில்லாத ஆவி. அப்புறம் வெடிதான். அனுபவமுள்ள பாட்டிகள் மாவை இரண்டு மூன்று தடவை சலித்து, ஒவ்வொரு சீடையையும் ஊசியால் குத்திவிட்டுப் பொரிப்பார்கள். நளன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பொரிப்பார். போலீஸ்காரர் கெஞ்சியும் ரோட்டில் போடாத ஹெல்மெட்.

ஒருவழியாகச் சாப்பாடு மூன்று மணிக்குத் தயாராகும். பசி ருசி அறியாது என்ற ஒரே பழமொழிதான் அவரை இத்தனை வருஷமாகக் காப்பாற்றி வருகிறது. அவர் சாப்பிட உட்கார மாட்டார். ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டு நிற்பார். “எப்படி இருக்கு?” மகன் பேச்சில் கெட்டிக்காரன். “டிஃபரண்ட்டா இருக்குப்பா.” மாமியார் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, “உப்பு மட்டும் ஒரு கை தூக்கல்டா” என்பார். மனைவி, “நல்லாத்தான் இருக்குங்க” என்பார். அந்தத் ‘தானு’க்குள் பதினைந்து வருஷத் தாம்பத்தியம் இருக்கிறது. அதற்குள் குழம்பின் படம், கொத்தமல்லி தூவிய கோணத்தில், குடும்ப வாட்ஸாப் குழுவுக்குப் போயிருக்கும். சிங்கப்பூர்ச் சித்தப்பா மூன்று கைத்தட்டல் அனுப்பியிருப்பார். ருசி பார்க்காதவர் பாராட்டுத்தான் எப்போதும் மனதாரக் கிடைக்கிறது.

ஒரு விரல் சுட்டிருந்தால் அன்று முழுக்க அது பேச்சாகும். ஒருவர் பற்பசை தடவச் சொல்வார், இன்னொருவர் இங்க் ஊற்றச் சொல்வார், மூன்றாமவர் இட்லி மாவோடு ஓடி வருவார். மூன்றும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டினால் போதும், ஐஸ்கட்டியும் கூடாது. வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் சன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்கு அழைக்க வேண்டும். இவை நளனுக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் மணிக்கட்டைக் காட்டுவார். குக்கர் மூடி பட்டது ஒரு கோடு, தோசைக்கல் பட்டது இன்னொன்று, அப்பளம் பொரிக்கும்போது தெறித்த புள்ளிகள் நாலைந்து. “இது எப்ப ஆச்சு?” என்று நளன் ஆச்சரியப்படுவார். “அது ஆச்சு எப்பவோ” என்று மனைவி பாத்திரம் தேய்க்கப் போவார். தேய்க்க வீட்டிலுள்ள பாத்திரம் மொத்தமும் கிடக்கும். நளன் விரல் சுட்டது வீட்டுக்கே செய்தி. மனைவி கை சுட்டது அன்றாடம், அதை யார் செய்தியாகச் சொல்வார்கள்?

இதற்காக நளனை அடுப்படியிலிருந்து விரட்டிவிடாதீர்கள். அவர் விரும்புவதும் அதுதான். “நான் செய்யறேன்னேன், இவங்கதான் விடல” என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமையை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டு புதன்கிழமையைக் கொடுங்கள்.

ஏழரைக்குப் பள்ளி வேன் வரும் புதன்கிழமை. பெரியவனுக்குக் கேரட் ஆகாது, சின்னவளுக்கு வெண்டைக்காய் ஆகாது, அம்மாவுக்குக் காரம் ஆகாது என்கிற புதன்கிழமை. மாவு புளித்துப் பொங்கி வழிந்து, கேஸும் பாதியில் தீர்ந்துபோகிற புதன்கிழமை. வீடியோ பார்க்க நேரமிருக்காது, படம் எடுக்க எதுவும் இருக்காது, ‘எப்படி இருக்கு’ என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. முதல் சில வாரம் உப்புமா கட்டி தட்டும், தட்டட்டும். ஒரு மாதத்தில் சர்க்கரை டப்பா இருக்கும் இடம் தெரிந்துவிடும். இரண்டு மாதத்தில் சோம்பும் சீரகமும் பிரிந்து தெரியும். மூன்றாம் மாதம் பீமனைப் பற்றிய பேச்சு நின்றுபோகும். அப்போது அவர் நிஜமாகவே சமைக்க ஆரம்பித்துவிட்டார் என்று அறிக. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். உங்கள் வீட்டு நளனுக்குத் தாராளமாகக் கொடுங்கள்.