பன்றிக்கு வந்த மவுசு

கேள்வி: பன்றி இதயத்தை மனுஷனுக்கு வைக்கிறார்களாமே, இது அடுக்குமா?
– வாசகர், மேலூர்

பதில்: மதுரைப் பக்கத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது? தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சொக்கநாதரே பாலூட்டி, பாண்டியனுக்கு மந்திரிகளாக்கியது திருவிளையாடல். மந்திரியாகவே ஏற்றுக்கொண்டோம், இதயம் எம்மாத்திரம்!

1997-இல் அசாமில் டாக்டர் தனிராம் பருவா பன்றி இதயத்தைப் பொருத்தினார். நோயாளி ஏழு நாள் உயிரோடு இருந்தார். டாக்டர் 40 நாள் சிறையில் இருந்தார். உறுப்பு மாற்றுச் சட்டம் விடவில்லை. பன்றி செல்லின் மேலுள்ள சில சர்க்கரைகளைக் கண்டால் நம் உடம்பும் விடாது. அதனால் 2022-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், அந்தச் சர்க்கரைகளுக்கான மூன்று மரபணுக்களை முடக்கி, மனித மரபணுக்கள் ஆறைச் சேர்த்து, இதயம் பன்றி அளவுக்குப் பெருக்காமலிருக்க வளர்ச்சி மரபணு ஒன்றையும் அடக்கிய பன்றியின் இதயத்தை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். இரண்டு மாதம் துடித்தது. பன்றியிடம் சம்மதக் கையெழுத்து வாங்கினார்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.