முன்சக்கரமும் இழுக்குமாம்ல, மருமகனே!

வா மருமகனே, உக்காரு. வண்டியத் தெருமுக்குல நிறுத்திட்டு இங்கிட்டு நடந்து வர்றயே, ஊரு பாக்கட்டும்னா? பாத்துருச்சு. கறுப்பு ஸ்கார்பியோ, 2012 மாடல், 2.2 லிட்டர் எம்ஹாக் இன்ஜின், 120 குதிரை, அதுலயும் ஃபோர் வீல். வித்தவரு சென்னையில டாக்டராம். ஒரே கையாம். மழையில நனையாத வண்டியாம். பழைய வண்டி வாங்குற எல்லாருக்கும் எங்கிருந்தோ ஒரு டாக்டர் கிடைச்சுடுறாரு. காய்ச்சல்னு போனாத்தான் ஒருத்தரையும் காணோம்.

அடுத்து மாட்டப்போற சாமானுக்கு நீ லிஸ்ட்டு போட்டு வச்சிருக்கன்னு எங்கக்கா சொல்லுச்சு. முன்னாடி இரும்பு புல்பார், உச்சியில எல்இடி பட்டை, ரெண்டு இஞ்சு தூக்குறதுக்கு கிட்டு, பெரிய டயரு, ஒரு ஸ்னார்கல். போடு, தாராளமாப் போடு. முல்லையாத்துல வண்டியோட முங்கி அக்கரையில எந்திரிக்கிற ஆளுக்கு ஸ்னார்கல் இல்லாம முடியுமா?

புல்பார் வேணாம்னு 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிருச்சு. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும், கம்பெனி குடுத்த அமைப்ப மீறி வண்டிய மாத்தக் கூடாதுன்னு சொல்லிப்புடுச்சு. நீ பயப்படாத. அவுக தேனிக்கு வந்து உன் வண்டியவா பாக்கப் போறாக? செக்போஸ்ட்ல நிக்கிறவரு பாப்பாரு, அவரு நல்லவரு. எங்கிட்டாவது முட்டுனா இன்சூரன்ஸ்காரரு பாப்பாரு, அவரு இன்னும் நல்லவரு. போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிருவாரு, காசு வராது. முட்டுனா மடங்கி அடிய வாங்கிக்கிறதுக்குத்தான் கம்பெனிக்காரன் மூஞ்சிய அப்படிச் செஞ்சிருக்கான். அதுக்கு முன்னாடி இரும்பக் கட்டி சேஸிஸ்ல முறுக்கிட்டா, அந்த அடி நேரா உள்ள இருக்கிற புள்ளைக்குப் போகும். ரோட்டுல நடந்து போறவன் கதி, கேக்கவே வேணாம்.

சரி, ஃபோர் வீல் சங்கதிக்கு வருவோம். போடிமெட்டுல 17 கொண்டை ஊசி வளைவையும் ஃபோர் ஹெச்சுல போட்டே ஏறுனேன்னு டீக்கடையில சொன்னயாமே? கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமில்ல. காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீலுக்கு மாத்துற குமிழத் திருகுறவன ஏலத்தோட்டத்து ஜீப்புக்காரன் பாத்தான்னா, உன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டான், வண்டியப் பாத்துத்தான் பரிதாபப்படுவான். வளையுறப்ப முன்சக்கரம் பெரிய வட்டம் போகும், பின்சக்கரம் சின்ன வட்டம். உன் வண்டியில முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல விட்டுக்கொடுக்க டிஃபரன்ஷியல் கிடையாது. மண்ணுல, சகதியில சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்க நேர் பண்ணிக்கும். தாருல வழுக்காது, அந்த முறுக்கு அம்புட்டும் ஷாப்ட்டுலயும் டிரான்ஸ்பர் கேஸுக்குள்ள இருக்கிற செயின்லயும் ஏறும். வளைவுல ஸ்டியரிங் இறுகி, வண்டி இழுத்துப் புடிச்சிருக்குமே? அத நீ பவருன்னு நெனச்சிருப்ப.

இதுக்கு நேர் எதிரான பாவமும் ஒண்ணு உண்டு. டாக்டரு அந்தக் குமிழத் தொட்டே இருக்க மாட்டாரு. தொடாமலே விட்டா, மாத்திவிடுற சின்ன மோட்டாரு துருப்புடிச்சு, சேத்துல மாட்டுன அன்னிக்குப் பாத்து அசையாது. மாசம் ஒருக்கா மண்பாதையில கொஞ்ச தூரம் ஃபோர் ஹெச்சுல ஓட்டு, ஆயிலும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். ஃபோர் எல்லுக்குப் போறப்ப வண்டிய நிறுத்தி, கிளட்ச்ச மிதிச்சு, நியூட்ரல்ல வச்சுத் திருகணும். அதுல இழுவை ரெண்டு மடங்குக்கு மேல, வேகம் அதே அளவுக்குக் கம்மி. அவசரக்காரனுக்கு ஆகாது.

ஆயில் மாத்திட்டேன்னு நெஞ்ச நிமித்துறயே, எந்த ஆயிலு? இன்ஜின் ஆயில்தானே? கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன்னு அடியில இன்னும் நாலு எடம் இருக்கு. முன் கிரவுன மெக்கானிக்கே மறந்துருவாரு, டூ வீல் வண்டியே பாத்துப் பழகுன கை. வடிக்கிறப்ப போன நோண்டாமப் பக்கத்துல நில்லு. பால் காப்பி நெறத்துல வந்துச்சுன்னா தண்ணி உள்ள போயிருக்கு. மழையில நனையாத வண்டியில எப்படின்னு டாக்டருக்குப் போன் போட்டுக் கேளு. வடிகால் போல்ட்டுக் காந்தத்துல நைசாப் பொடி ஒட்டியிருந்தா அது சாதாரணத் தேய்மானம். துணுக்கு துணுக்கா வந்தா பல்லு போகுது.

அப்படியே படுத்து முன் ஆக்ஸில் ரப்பர் பூட்டையும் பாரு. கிழிஞ்சிருந்தா இப்பவே மாத்திரு, இல்லேன்னா மண்ணு ஏறி ஜாயிண்டையே தின்னுரும். வண்டியத் தூக்குனா அந்த ஜாயிண்டு இன்னும் சரிஞ்சு நின்னுதான் சுத்தணும், பூட்டு சீக்கிரம் கிழியும். ஷாப்ட்டுல கிரீஸ் நிப்பிள் இருக்கிற எடமெல்லாம் தேடித் தேடி அடி. பெரிய டயரு போட்டா மீட்டரு பொய் சொல்லும், 80 காட்டுறப்ப அதுக்கு மேல ஓடிக்கிட்டிருப்ப. பிரேக்கு மட்டும் பழைய பிரேக்குத்தான். டயருக்குக் காசு போடணும்னா கம்பெனி சொன்ன அளவுலயே நாலும் ஒண்ணா மாத்து. ரெண்டு புதுசு, ரெண்டு வழுக்கைன்னு ஃபோர் வீல்ல ஓட்டுனா நேர் ரோட்டுலயே முறுக்கு ஏறும்.

எங்கக்காவுக்கு முட்டி வலி. நீ ரெண்டு இஞ்சு தூக்குனா, ஏத்த ஏணி வேணும், இறக்க ரெண்டு ஆளு வேணும். தூக்குற காசுல நல்ல படிக்கட்டு ஒண்ணு வைக்கலாம், பின்னாடி ஷாக் அப்சார்பரும் புஷ்ஷும் மாத்தலாம். பின்னாடி குறுக்குச் சீட்டுல பெல்ட்டு இல்லேன்னா புள்ளைகள அங்க போடாத, நடு சீட்டுல பெல்ட்டோட உக்கார வை. அங்கிட்டு யாரு உக்காருறதுங்குறயா? சொந்தக்காரங்க ஏறாம இருக்க அது நல்ல சாக்கு. 2027ல வண்டிக்கு 15 வருஷம் முடியும், ஆர்சி புதுப்பிக்கப் போகணும். அன்னிக்கு நீ மாட்டுனதெல்லாம் கழட்டி, திரும்பி வந்து மாட்டி, உனக்கும் பொழுது போகும்.

ஆயிலெல்லாம் மாத்திட்டு வெள்ளிக்கிழம காலையில வா. நம்ம தோட்டத்து மேட்டுப்பாதை நல்ல சேறு, ஃபோர் எல்லு வேலை செய்யுதான்னு அங்கதான் பாக்க முடியும். வெறும் வண்டியா ஏத்துனா சோதனை சரியா வராது, பின்னாடி பாரம் இருக்கணும். அதுக்குன்னே பன்னெண்டு மூட்டை எரு கட்டி வச்சிருக்கேன். சீட்ட மடக்கிட்டு வா.