பிரிச்சிருவோம்!

கேள்வி பாதியில்தான் இருக்கும். "அத்தை, ஏழாவது வரிசையில மூணு செயின் போட்டுத் திருப்பச் சொல்லிருக்கு. அந்த மூணையும்..." அதற்குள் குரோஷா அத்தையின் கை நீண்டுவிடும். "கொண்டா இங்க." வாங்கிய வேகத்தில் ஊசியை உருவி மடியில் போடுவார். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றுவார். துண்டை ஒருமுறை புரட்டி, ஒருமுறை இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை காட்டிப் பார்ப்பார். அப்புறம் தீர்ப்பு.

"பிரிச்சிருவோம்."

கேட்பதற்கு யோசனை போல இருக்கும். சொல்லி வாய் மூடுவதற்குள் நாலு வரிசை போயிருக்கும்.

பாளையங்கோட்டையில் இவர் அத்தை. மேற்கு மாம்பலத்தில் மாமி. பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சர். தாம்பரம் வண்டியில் எதிர் ஸீட்டில் உட்கார்ந்து அடுத்தவள் விரலையே முறைத்துக்கொண்டு வந்துவிட்டு, எக்மோர் தாண்டியதும் பொறுக்க முடியாமல் கையை நீட்டுகிறவர்.

குரோஷாவின் அமைப்பே இவருக்கு வசதி செய்து கொடுத்துவிட்டது. ரவிக்கையில் தையல் தப்பினால் பிளேடோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும்; பாதியில் அலுத்துப்போய், 'உள்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்' என்று விட்டுவிடுவோம். ஸ்வெட்டர் போடும் இரட்டை ஊசி வேலையில் ஒரு வரிசைக் கண்ணி மொத்தமும் ஊசியில் கோத்து நிற்கும். உருவிவிட்டால் திரும்பக் கோப்பது பெரும்பாடு என்ற பயம் பிரிக்கிறவருக்கே இருக்கும். குரோஷாவில் அந்தப் பயமெல்லாம் கிடையாது. கட்டில் விரிப்பே ஆனாலும் வழக்கமாகத் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால், ஒரு வாரமாக மத்தியானத் தூக்கத்தை விட்டுப் போட்டதெல்லாம் காபி ஆறுவதற்குள் சுருள் சுருளாகத் தரையில் கிடக்கும்.

தப்பாக இருந்தால்தான் பிரிப்பார் என்றும் இல்லை. சரியாக இருந்தாலும் பிரிப்பார், எப்படிச் சரியாக வந்தது என்று பார்க்க. அக்கா மகள் பேறுகாலத்துக்கு முன்பே போட்டு முடித்துவிட்ட குட்டித் தொப்பியை, முடிச்சுப் போடக் கத்தரிக்கோல் எடுக்க அவள் உள்ளே போன நேரத்தில் பிரித்தார். "மேல கொஞ்சம் கூரா வந்திருந்துச்சு." அந்தக் குழந்தைக்கு மொட்டை அடித்துக் காதும் குத்தியாயிற்று, தொப்பி இன்னும் நூல்கண்டாகவே இருக்கிறது. புதுவீடு பால்காய்ப்புக்குப் போன இடத்தில் டீப்பாய் விரிப்பைப் புரட்டி, முடிச்சு எங்கே இருக்கிறது என்று நகத்தால் தேடினார். வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து பலகாரத் தட்டைத் தூக்கி விரிப்பின் நடுவில் வைத்தார். வேறென்ன செய்வார், பாவம்.

அந்த மூணு செயின் சமாசாரம் அப்படி ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. உயரமான கண்ணிகள் வரும் வரிசையைத் தொடங்கும்போது, அந்த உயரத்துக்கு ஏறுவதற்காக முதலில் மூணு செயின். பெரும்பாலான பேட்டர்ன்களில் அதுவே வரிசையின் முதல் கண்ணியாகக் கணக்கில் சேரும். அதனால் அடியிலுள்ள முதல் கண்ணியை விட்டு இரண்டாவதில் குத்த வேண்டும். அடுத்த வரிசை திரும்பி வரும்போது கடைசிக் கண்ணியை இந்த மூணு செயினின் தலையில் போட வேண்டும். மறந்தால் வரிசைக்கு ஒன்று குறையும். நாற்பது கண்ணியில் ஆரம்பித்த மஃப்ளர் முழத்துக்கு முழம் ஒடுங்கி நாடாவாக முடியும். குட்டைக் கண்ணி வரிசைக்கு ஒரே ஒரு செயின்; அது வழக்கமாகக் கணக்கில் சேராது. இவ்வளவுதான். ஒரு வாய் வெற்றிலை போடும் நேரத்தில் சொல்லிவிடலாம். அத்தை சொல்வதோ வேறு:

"ஒனக்குக் கை இறுக்கம்ட்டி."

ஓரம் ஒடுங்கினாலும் கை இறுக்கம்தான், விரிந்தாலும் கை இறுக்கம்தான். 

பேட்டர்ன் தாளை அவர் பார்க்கவே மாட்டார் என்று சொன்னால் அபாண்டம். பார்ப்பார். ஆபத்தே அங்கேதான். கான்வென்டில் சிஸ்டரிடம் அவர் கற்றது பிரிட்டிஷ் முறை. அண்ணன் மகள் வீடியோ பார்த்துக் கற்றது அமெரிக்க முறை. கண்ணிகள் அதே கண்ணிகள்தான். பெயர்கள் ஒரு படி தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. அமெரிக்காவின் சிங்கிள் குரோஷா பிரிட்டனில் டபுள். அமெரிக்காவின் டபுள் பிரிட்டனில் டிரெபிள். அமெரிக்க டபுளுக்கு நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நுழைய வேண்டும். பிரிட்டிஷ் டபுளுக்கு அந்தச் சுற்றே கிடையாது, உயரமும் பாதிதான். தாளில் எங்கேயாவது 'சிங்கிள்' தென்பட்டால் அது அமெரிக்கப் பேட்டர்ன் என்று தைரியமாகச் சொல்லலாம். இன்றைய பிரிட்டிஷ் பேட்டர்னில் அந்தப் பெயர் வராது. இதை அத்தையிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தாயிற்று. "சிஸ்டர் தப்பாவா சொல்லிக் குடுத்திருப்பாவ?" என்று ஒரு பார்வை பார்த்தார்.

விளைவைக் கேளுங்கள். வட்டமான டீப்பாய் விரிப்பு, அமெரிக்கப் பேட்டர்ன். நடுவில் 12 டபுள் போட்டு, சுற்றுக்கு 12 கூட்டிக்கொண்டே போனால் தட்டையாகப் படியும். அத்தை தம்முடைய டபுளைப் போட்டார். அந்தக் குட்டைக் கண்ணிக்குச் சுற்றுக்கு 6 கூட்டினாலே வட்டம் தட்டையாக வரும். 12 கூட்டினால் இடம் போதாமல் ஓரம் நெளிந்து எழும்பும். எழும்பியது. "ஃபிரில் வச்ச மாடலு" என்றார் அத்தை, கொஞ்சமும் தயங்காமல். இதே தப்பு தலைகீழாக நடந்து, பிரிட்டிஷ் பேட்டர்னை அமெரிக்கக் கையால் போட்டால், விரிப்பு குவிந்துகொண்டு தொப்பியாகிவிடும். அதற்கும் அவரிடம் ஒரு மாடல் பெயர் தயாராக இருக்கும்.

நட்சத்திரக் குறியின் கதை இன்னும் மோசம். 'இந்தக் குறியிலிருந்து வரிசை முடியும்வரை திரும்பத் திரும்பச் செய்' என்பதற்காகப் பேட்டர்னில் போடுகிற குறி அது. அத்தை அதைப் பூ என்று வைத்துக்கொண்டிருக்கிறார். "பூப் போட்ட எடத்துலல்லாம் பூ வரும், பாத்துக்கோ." பார்த்தார்கள். வரவில்லை. பிரித்தார்கள்.

2016 ஜனவரியில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழு சென்னையில் உலகின் மிகப் பெரிய குரோஷாப் போர்வைக்கான கின்னஸ் சாதனையைப் படைத்தது. 11,148.5 சதுர மீட்டர்; நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர். பெண்கள் அவரவர் வீட்டில் போட்ட துண்டுகளைச் சேர்த்து இணைத்த போர்வை. அந்தச் செய்தியைக் காட்டியபோது அத்தை கேட்டது: "எல்லாரும் ஒரே அளவாவா போட்டிருப்பாவ?" கேள்வி நியாயமானதுதான். கேட்கும்போதே விரல்கள் லேசாக அசைந்ததுதான் கவலையாக இருந்தது. அன்றைக்கு அவரை அங்கே அழைத்துப் போகாமல் இருந்த உறவினர்களுக்கு நாடு கடமைப்பட்டிருக்கிறது.

ஆனால் அத்தையை முழுக்கக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. எலியனோர் ரியேகோ தெ லா பிராஞ்சார்தியேர் என்ற பெண்மணி 1840-களில் லண்டனிலிருந்து குரோஷாப் புத்தகங்களை வெளியிட ஆரம்பித்த பிறகும், படிக்கத் தெரியாத எத்தனையோ பெண்கள் மாதிரித் துண்டைப் பார்த்தேதான் போட்டார்கள். அயர்லாந்தில் 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது கன்னியர் மடங்கள் ஏழைப் பெண்களுக்குப் பிழைப்புக்காகச் சொல்லிக்கொடுத்த குரோஷா லேஸ் அப்படிப் பரவியதுதான். 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் மூலம் ஆந்திராவின் நரசாப்பூர்ப் பக்கம் வந்து, இன்றும் வீட்டுத் திண்ணைகளில் நடக்கிற லேஸ் வேலையும் கை பார்த்துக் கை கற்றதுதான். அத்தையிடமும் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய மாதிரித் துண்டுகள் இருக்கின்றன. சிஸ்டர் போட்டுக் கொடுத்தவை. வெள்ளை நூல் பழுத்துவிட்டது. அந்த டப்பாவிலிருந்து ஒரு துண்டைக்கூட அவர் இதுவரை பிரித்ததில்லை.

ஒருமுறை அண்ணன் மகள் ஜப்பானியப் புத்தகம் ஒன்றின் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள். அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு குறி வைத்திருக்கிறார்கள்: செயினுக்கு முட்டை வடிவம், குட்டைக் கண்ணிக்குப் பெருக்கல் குறி, உயரமான கண்ணிக்கு ஆங்கில 'டி' எழுத்து. அந்த 'டி'யின் உடம்பில் எத்தனை குறுக்குக் கோடோ, நூலை ஊசியில் அத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும். வட்டமான வேலை என்றால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் அத்தைக்குச் சொல்லவில்லை. கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, நடுவில் விரலை வைத்து, "இங்க அஞ்சு செயினு. இங்க ரெண்டு விட்டுக் குத்தணும். மூலைக்கு மூலை ஒரே ஓட்டைல மூணும் மூணும்" என்று மளமளவென்று படித்துக்கொண்டே போனார். ஒன்றும் பிசகவில்லை. அண்ணன் மகளுக்கு வாயடைத்துவிட்டது. இப்படிச் சொல்லத் தெரிந்தவர் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? மகிழ்ச்சியில் அவசரப்பட்டு, தான் போட்டு வைத்திருந்த பாதித் துண்டையும் எடுத்து நீட்டினாள். அது அவள் தப்பு.

வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். பிரித்த பிறகு அத்தை சும்மா விடுவதில்லை. தாமே உட்கார்ந்து ஏழு வரிசைக்கு ஒன்பது வரிசையாகப் போட்டு, "இந்தா, சரியாக்கிட்டேன்" என்று திருப்பிக் கொடுக்கிறார். வேகம் பிரமாதம், வேலை சுத்தம். ஆனால் அவர் கண்ணி தளர்வு, அவள் கண்ணி இறுக்கம்; அவர் விட்ட இடத்தில் அவள் தொடர்ந்தால் அங்கே ஒரு படி தெரிகிறது. அதைவிடப் பெரிய கஷ்டம், அவள் வந்த சந்தேகத்தோடேயே வீட்டுக்குப் போகிறாள். ஊசியைக் கேட்கிறவள் கையிலேயே விட்டுவைத்து, இந்தக் கண்ணியில் குத்து, இதை விடு என்று சுட்டுவிரலால் தொட்டுக் காட்டினால் போதும். இதைச் செய்யும் பொறுமை இல்லாதவர்கள், 'எனக்கு இப்ப நேரமில்லட்டி' என்று சொல்லிவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நூலாவது மிஞ்சும்.

இப்போதெல்லாம் அண்ணன் மகள் முன்னெச்சரிக்கையோடுதான் போகிறாள். "பாத்துட்டுத் தாரேன்" என்று அத்தை மடித்து வைத்துக்கொள்ளும் தாள் திரும்பி வருவதில்லை என்பதால், பேட்டர்னை முதலிலேயே ஜெராக்ஸ் எடுத்துவிடுகிறாள். திறந்திருக்கும் அந்த ஒற்றைக் கண்ணியில் ஒரு ஊக்கை மாட்டிப் பூட்டியும் விடுகிறாள். ஊக்கு இருக்கும்வரை எவ்வளவு இழுத்தாலும் நூல் வராது. முதல் தடவை அத்தை இழுத்துப் பார்த்துத் திகைத்துத்தான் போனார். பிறகு ஊக்கைக் கண்டுபிடித்து, கழற்றி, "நல்ல ஊக்கு, சேலைக்கு ஆவும்" என்று தம் வளையலில் கோத்துக்கொண்டார். வளையலில் இப்போது ஊக்குக்குப் பஞ்சமில்லை.